பேருந்து வராத நடைமேடை

நேயர்களுக்கு வணக்கம். கண்ணில் பார்வை குறைந்தால் மூளையில் அதற்கான இடம் என்ன ஆகிறது என்று இன்று பேசப்போகிறேன்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை தருகிறேன். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் தயவுசெய்து செய்ய வேண்டாம், மற்றவர்கள் செய்து பாருங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை ஒட்டி நிமிர்த்திப் பிடியுங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரலை மட்டும் பாருங்கள். பார்வை அசையக் கூடாது. இப்போது வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம் போனதும் வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். போயிற்றா? இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திரும்பி வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியே கிளம்பும் இடம் அது. ஒளியை உணரும் செல்கள் அங்கே கிடையாது. எல்லாருக்கும் இருக்கிற குருட்டுப் புள்ளி. சரி, விரல் மறைந்த இடத்தில் உங்களுக்கு என்ன தெரிந்தது? கறுப்பாக ஓர் ஓட்டை தெரிந்திருக்காது. பின்னால் இருக்கும் சுவரோ திரைச்சீலையோதான் தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து மூளையே அந்த இடத்தைப் பூசி மெழுகிவிட்டது. நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வெளிநாடு போன வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இந்தப் பூச்சு வேலையை விதவிதமாகச் சோதித்துப் பார்த்தார்.

இந்தப் பூச்சு வேலையால் கெடுதலும் உண்டு. கிளாக்கோமா என்ற கண் நரம்பு நோயில் ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்போது மூளை அதையும் நிரப்பிவிடுகிறது. "எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். பரிசோதித்தால் பாதிப் பார்வை போயிருக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தவர்கள், கண் அழுத்தத்தையும் கண் நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது. இருநூறு வருடமாக நம் ஊரில் இருக்கிற வசதி, போகத்தான் சோம்பல்.

நான் பார்வை குறைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். லோ விஷன் கிளினிக் என்பார்களே, அது. ஆனால் இந்த விஷயத்தை எனக்கு ஒழுங்காகப் புரியவைத்தவர் பெரம்பூரில் இருக்கும் என் பெரியம்மா. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இரண்டு கண்ணிலும் மாக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, தேய்ந்துவிட்டது. ஓரத்தில் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. "இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்று ஓர் இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏண்டி, அந்த வராந்தா கம்பி மேல பட்டுப்பாவாடை கட்டின பிள்ளைங்க நாலு பேர் உட்கார்ந்திருக்காங்களே, உனக்குத் தெரியுதா?"

கம்பியில் ஈரத் துண்டு ஒன்றுதான் காய்ந்துகொண்டிருந்தது. "இல்லையே பெரியம்மா. பேசுறாங்களா?" என்றேன். பேச மாட்டார்கள், சத்தமே இல்லை, ஜரிகைகூடத் தெளிவாகத் தெரிகிறது, என் முகம் தெரியாத கண்ணுக்கு அந்த ஜரிகை எப்படித் தெரிகிறது என்று அவரே கேட்டார். கணக்கு டீச்சர் அல்லவா. எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லையாம். சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், இல்லாவிட்டால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள் என்ற பயம்.

இதற்குப் பெயர் சார்ல்ஸ் போனே நோய்க்குறி. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் போனே, கண்புரையால் பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தோன்றுவதை 1760-இலேயே எழுதிவைத்தார். தாத்தா தெளிவாகத்தான் இருந்தார், அவை நிஜமில்லை என்றும் அவருக்குத் தெரியும். 1998-இல் லண்டனில் இப்படிப்பட்டவர்களை எம்ஆர்ஐ கருவியில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நிறம் தோன்றியவருக்கு, நாம் நிஜமான நிறத்தைப் பார்க்கும்போது வேலை செய்யும் அதே மூளைப் பகுதி வேலை செய்தது. முகம் தோன்றியவருக்கு முகத்துக்கான பகுதி. கண்ணிலிருந்து சரக்கு வராதபோது பார்வைப் பகுதி தன் கைச்சரக்கை எடுத்து விடுகிறது.

இதைப் பெரியம்மாவுக்கு எப்படிச் சொல்வது? கோயம்பேட்டை வைத்துச் சொன்னேன். தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு, கோயம்பேட்டில் அவை நின்ற நடைமேடைகள் வெறிச்சென்று ஆகிவிட்டன. மற்ற ஊர்ப் பேருந்துகள் அப்போதும் வழக்கம்போலத் தங்கள் இடத்தில் வந்து நின்றன. நம் பின்தலையில், பிடரிக்குச் சற்று மேலே, கண்ணிலிருந்து வரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் மூளையின் மேலுறை, அதாவது முதன்மைப் பார்வைப் புறணியும் இப்படி நடைமேடை நடைமேடையாகப் பிரிந்ததுதான். விழித்திரையின் ஒவ்வொரு இடத்துக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. இந்த வரைபடத்தைக் கண்டுபிடித்ததில் முக்கியமானவர் ஜப்பானியக் கண் மருத்துவர் இனோயே. ரஷ்ய-ஜப்பான் போரில் தலையில் குண்டு துளைத்துப் பிழைத்த சிப்பாய்களுக்கு எவ்வளவு ஓய்வூதியம் தருவது என்று முடிவு செய்ய, யாருக்கு எந்தப் பக்கம் பார்வை போயிருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். 1909-இல் அதையே புத்தகமாக்கினார். கையை நீட்டி விரல்களை விரித்தால் மறைகிறதே, அந்த அளவு மையப் பார்வைக்கு மட்டும் இந்தப் புறணியில் ஏறக்குறையப் பாதி இடம். பெரியம்மாவுக்குக் காலியானது அந்தப் பாதிதான்.

அப்புறம் கேள்வி இதுதான்: காலியான நடைமேடையில் பக்கத்து ஊர்ப் பேருந்துகள் வந்து நிற்குமா? பார்வை போனால் மற்றப் புலன்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று நாமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1990 வாக்கில் பூனை, குரங்கு ஆகியவற்றிடம் நடந்த சோதனைகளும் பக்கத்துப் பார்வை நகர்ந்து வருகிறது என்றன. 2005-இல் மாக்குலா பாதித்த சிலரிடமும் அப்படித் தெரிந்தது. ஆனால் அதே ஆண்டு குரங்குகளில் மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தவர்கள் நகரவே இல்லை என்றார்கள். 2011-இல் வந்த ஆய்வும், பெரியவர்களின் மூளையில் வரைபடம் பெரிய அளவில் மாறவில்லை என்றே சொன்னது.

எனக்குப் பிடித்தது 2008-இல் மசூடா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் மாக்குலா பாதித்தவர்களிடம் செய்த சோதனை. படத்தைச் சும்மா பார்க்கச் சொன்னால் காலியான பகுதி பேசாமல் கிடக்கிறது. அதே படத்தைப் பார்த்து ஏதாவது முடிவு சொல் என்று வேலை கொடுத்தால் விழித்துக்கொள்கிறது. அங்கே வந்த சமிக்ஞை கண்ணிலிருந்து வரவில்லை, மூளையின் மேல்மட்டத்திலிருந்து திரும்பி வந்தது. நடைமேடைக்குப் பேருந்து வரவில்லை, ஆனால் அலுவலக அறிவிப்பு மட்டும் ஒலிபெருக்கியில் வந்துகொண்டே இருக்கிறது.

சிறு வயதில் பார்வை போனால் கதை வேறு. பிரெய்ல் எழுத்தை விரலால் தடவும்போது பார்வைப் புறணி வேலை செய்வதை 1996-இலேயே கண்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு பெண்மணிக்குப் பின்தலையில் இரு பக்கமும் பக்கவாதம் தாக்கியதில், விரலில் தொடு உணர்வு இருந்தும் பிரெய்ல் படிக்க முடியாமல் போயிற்று. பெரியவர்களிடமும் ஓரளவு இது நடக்கிறது என்பவர்கள் உண்டு. பாஸ்டனில் பார்வையுள்ளவர்களுக்கு ஐந்து நாள் கண்ணைக் கட்டி பிரெய்ல் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் பார்வைப் புறணி தொடுதலுக்குப் பதில் சொன்னது. கட்டை அவிழ்த்த ஒரே நாளில் அது மறைந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் புதுச் சாலை போட முடியாது. சாலை முன்பே இருந்திருக்க வேண்டும், கேட்டைத்தான் திறந்து மூடியிருக்கிறார்கள். இன்னொரு கண்கட்டுச் சோதனையில் 13 பேரில் 10 பேருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்தன. எல்லாரும் நல்ல பார்வை உள்ளவர்கள். இதைக் கேட்டதும் பெரியம்மாவுக்கு ரொம்ப நிம்மதி.

பல வருடம் சும்மா இருந்தால் புறணி கொஞ்சம் மெலியத்தான் செய்கிறது. ஆனால் இடம் இடமாகவே இருக்கிறது. ஆர்பிஇ65 என்ற மரபணுவின் கோளாறால் பார்வை போகிறவர்களுக்கான சிகிச்சை அமெரிக்காவில் 2017-இல் ஒப்புதல் பெற்றது. அதன் சோதனையில் பங்கேற்றவர்களிடம், பல காலம் வெளிச்சமே சரியாகக் காணாத புறணி சிகிச்சைக்குப் பிறகு பதில் சொன்னதை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். "ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை நேராகவே கேளுங்கள், இல்லாதது ஏதாவது தெரிகிறதா என்று. உருவம் தெரிந்தால் வேகமாகக் கண்ணை அசைப்பது, விளக்கைப் போடுவது, எழுந்து நடப்பது, இவை பலருக்கு உதவும். உருவத்தோடு குரலும் கேட்டாலோ, ஆள் குழம்பினாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரியம்மாவுக்கு ஓரப் பார்வையைப் பயன்படுத்தப் பழக்கினேன். இப்போது என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் என் காதுக்கு மேலே பார்க்கிறார். முதலில் உறவுக்காரர்கள், பேசும்போது எங்கேயோ பார்க்கிறாரே என்று கோபித்துக்கொண்டார்கள். பால் பாக்கெட்டில் தேதியை அப்படித்தான் கண்டுபிடிக்கிறார், பாக்கெட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இந்நேரம் வராந்தாவில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பெரியம்மா, பிள்ளைகள் இன்றைக்கு வந்திருக்கிறார்களா என்று ராத்திரி போன் பண்ணிக் கேட்கிறேன்.

வணக்கம்.