மஞ்சள் கவரை யார் பிரிப்பது?

(வியாசர்பாடியில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் அம்மாமார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம். உளவுத்துறையின் கணக்கைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். முதலில் நம் தெருக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பதினாலு வருடத்துக்கு முன்னால் ஆடித் திருவிழா வசூலுக்கு நான்தான் பொருளாளர். வரவு செலவை எழுதிக் கோவில் வாசலில் மாட்டினோம். பந்தல், மைக்செட், கூழுக்குக் கேழ்வரகு, பூ என்று எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசிக்கு முந்தின வரியில் 'இதர செலவு 12,000'. மீன் விற்கும் அக்கா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இதரன்னா என்னப்பா? நான் குடுத்த அம்பது ரூபாயும் அதுக்குள்ளதானே இருக்கு?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பணம் ஒரு வீட்டின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போயிருந்தது. பெயர் வெளியே வரக் கூடாது என்று அந்த வீட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி கமிட்டி கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. ரசீதுகளை ஒரு மஞ்சள் கவரில் போட்டு, தெரு நம்புகிற இரண்டு பேரிடம் கொடுத்தோம். ஒருவர் எங்களுக்கு எதிரணி. எங்களோடு பேச்சுவார்த்தைகூட இல்லாதவர். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள். "பணம் சரியாப் போயிருக்கு" என்று மட்டும் வெளியே சொன்னார்கள். மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "அவரே பார்த்தாரா? அப்ப சரி" என்றார்.

இந்த நாட்டின் உளவு அமைப்புகளுக்கு அந்த மஞ்சள் கவர் ஏற்பாடுகூட இல்லை என்பதுதான் என் வருத்தம். உள்நாட்டில் உளவு பார்க்கும் ஐபி 1887இல் வெள்ளைக்காரன் தொடங்கியது. வெளிநாட்டில் உளவு பார்க்கும் ரா 1968இல் வந்தது. இரண்டையும் உருவாக்கி, இதுதான் உன் வேலை, இதுதான் உன் எல்லை என்று சொல்லும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றவில்லை. ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை நடத்தக்கூடச் சட்டம் இருக்கிறது. பட்ஜெட்டில் ஐபிக்கு உள்துறைக் கணக்கில் 3,000 கோடிக்கு மேல் காட்டும் ஒரு வரி உண்டு. ராவுக்கு எவ்வளவு என்று வெளியே சொல்வதே இல்லை.

நான் தணிக்கை வேலையில் முப்பது வருடம் ரசீது புரட்டியவன். பஸ் டிக்கெட் இணைக்கவில்லை என்று ஒருவருடைய பயணப்படியையே நிறுத்தி வைத்திருக்கிறேன். 'ரகசியச் சேவைச் செலவு' என்ற தலைப்புக்கு மட்டும் ரசீது வராது. பணம் முறையாகச் செலவானது என்று அந்தத் துறை அதிகாரியே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வரும். தணிக்கை அந்தத் தாளோடு நின்றுவிடும். செலவு செய்தவரே சான்றும் கொடுத்தால் அதற்குத் தணிக்கை என்று எப்படிப் பெயர் வைப்பது?

நாடாளுமன்றம் கேட்காதா என்பீர்கள். 2023 மார்ச் 23 அன்று 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை மக்களவை விவாதமே இல்லாமல், எல்லாத் துறைச் செலவையும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் முடிக்கும் கில்லட்டின் முறையில் நிறைவேற்றியது. உளவு வரியை யார் நிறுத்திப் படித்திருப்பார்கள்? தகவல் உரிமைச் சட்டத்திலும், ஊழல், மனித உரிமை மீறல் புகார்களைத் தவிர, இந்த அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

வடசென்னைக்காரனுக்கு இதில் என்ன என்று நினைக்காதீர்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் கலெக்டர் ஆபீசுக்கு சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். தொழிற்சங்கத் தலைவரான அந்த சிங்காரவேலரை 1924இல், வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகள் மீது போட்ட கான்பூர் சதி வழக்கில் சேர்த்தார்கள். உடம்பு சரியில்லாததால் விசாரணையிலிருந்து தப்பினார். அந்த வழக்கில் முக்கியச் சாட்சியமே தபாலில் மறித்துப் பிரித்துப் படித்த கடிதங்கள்தான். தொழிற்சங்கம் வைத்தவனின் கடிதத்தைப் பிரிக்க அன்றைக்கும் வரிப்பணம்தான் செலவானது. ஒற்று பார்க்க வேண்டியது எதிரியையா, சொந்தக் குடிமக்களையா என்று கேட்க அன்று ஆளில்லை. இன்று கேட்க முடிய வேண்டாமா?

ஒழுங்காகக் கேட்டால் உளவுக்கே நல்லது. 1999 கார்கில் போருக்குப் பிறகு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் குழு போட்டார்கள். எங்கே கோட்டை விட்டோம் என்று அது நேராகச் சொன்னது. அதற்கும் 500க்கு மேற்பட்ட வீரர்களின் உயிர் போக வேண்டியிருந்தது. அடுத்து வந்த அமைச்சர்கள் குழுவின் அறிக்கையை 2001இல் வெளியிட்டபோது உளவு பற்றிய அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள்.

மற்ற நாடுகளுக்கு எதிரிகள் இல்லையா? அமெரிக்காவில் உளவு அமைப்புகளின் அத்துமீறல் பற்றிய 1975 விசாரணைகளுக்குப் பிறகு, அவற்றைக் கண்காணிக்க செனட்டில் நிரந்தரக் குழு வந்தது. 2007 முதல் உளவுக்கான மொத்தத் தொகையை வருடா வருடம் சொல்கிறார்கள். பிரிட்டன் 1994இல் சட்டம் போட்டு, எதிர்க்கட்சியினரும் இருக்கும் குழுவை அமைத்தது. எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனி. அங்கே பட்ஜெட் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்த சிலர் மூடிய அறையில் உளவு அமைப்புகளின் பட்ஜெட்டைப் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுக்கிறார்கள். அப்படியே நம் மஞ்சள் கவர்! இங்கேயும் 2011இல் காங்கிரஸ் எம்பி மணீஷ் திவாரி உளவு அமைப்புகளை ஒழுங்குபடுத்தத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை. அரசுச் செலவை ஆராயும் நம் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர். அந்த வழக்கத்தை இதற்கும் நீட்டி, ஒரு சின்னக் குழு அமைத்து, ரகசியக் காப்பு உறுதிமொழி வாங்கிக்கொண்டு, நாட்டின் தலைமைத் தணிக்கையாளரான சிஏஜியின் அதிகாரி ஒருவரையும் உள்ளே உட்கார வைக்கலாம். மொத்தத் தொகையை மட்டும் நமக்குச் சொன்னால் போதும்.

பேசி முடித்ததும் கல்லூரித் தம்பி ஒருவர் எழுந்து, "எம்பிக்களிடம் காட்டினால் ரகசியம் கசிந்துவிடாதா, ஐயா?" என்று கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் 2004இல் ராவின் மூத்த அதிகாரி ரவீந்தர் சிங், நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பிப் போனாரே, அவர் ரகசியத்தை எந்த எம்பியிடமிருந்து வாங்கினார்? உள்ளேயே இருந்தவர் அவர். அப்புறம், எங்கள் கவரைப் பார்த்த அந்த எதிரணிக்காரர் போன வருடம் இறந்துபோனார். கடைசி வரை என்னோடு சண்டைதான். அந்த வீட்டின் பெயர் இன்று வரை தெருவில் யாருக்கும் தெரியாது.