ஆறடிச் சுவர்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு வீடு கட்டினால் பில்லர், பீம் எல்லாம் போட்ட பிறகுதான் சுவர் எழுப்புகிறோம். நடுச்சுவரை இடித்தாலும் வீடு நிற்கும். தாத்தா கட்டிய வீட்டில் அந்த வேலை நடக்காது; அங்கே பாரமெல்லாம் சுவர் மேல்தான். இந்த இரண்டு முறையும் ஒட்டி நிற்கும் கட்டடம் ஒன்று அமெரிக்காவின் சிகாகோ நகர மையத்தில் இருக்கிறது. பெயர் மொனாட்நாக். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஒரு மலையின் பெயர் அது.

வடபாதி 1891-இல் முடிந்தது. 16 மாடி, சுமார் 215 அடி உயரம். உள்ளே இரும்புத் தூண்கள் உண்டு, ஆனால் வெளிச்சுவர் தன் பாரத்தைத் தானே தாங்குகிற செங்கல் சுவர். அதனால் அடியில் அதன் கனம் 6 அடி. ஓர் ஆள் குறுக்கே நீட்டிப் படுக்கலாம்! மேலே போகப் போக மெலிந்து, உச்சியில் ஒன்றரை அடி ஆகிறது. வாடகை நன்றாக வரக்கூடிய தரைத்தளத்தில்தான் சுவர் இடத்தைத் தின்கிறது. முதலாளிக்கு வயிறு எரியாதா?

முதலாளிகள் பாஸ்டனைச் சேர்ந்த புரூக்ஸ் சகோதரர்கள். சுவரில் எதுவும் துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது, அழுக்குச் சேரும், புறாவும் குருவியும் வந்து அடையும் என்பது அவர்கள் கட்சி. கட்டடக் கலைஞர் ஜான் ரூட் முதலில் எகிப்தியப் பாணி வேலைப்பாடுகளை வரைந்திருந்தார். எல்லாம் போயிற்று. மிஞ்சியது வளைவு மட்டும்: அடியில் லேசாக விரிந்து, நடுவில் நேராக ஏறி, உச்சியில் மறுபடி வெளியே விரியும் சுவர். அதற்கென்றே செங்கல்லை வளைவாக வார்த்தார்கள். சிக்கனம் அழகாகிவிட்டது என்றே சொல்வேன். ரூட் முடிந்த கட்டடத்தைப் பார்க்கவில்லை. 1891 ஜனவரியில் நிமோனியாவில் இறந்தார், வயது 41.

சிகாகோ மண் களிமண். 8 அங்குலம் அமிழும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நாளடைவில் அமிழ்ந்ததோ 20 அங்குலம்.

தென்பாதியை 1893-இல் ஹோலபர்ட், ரோச் என்ற இருவர் கட்டினார்கள். அதற்குள் எஃகுத் தூணும் உத்தரமும் கோத்த சட்டகம் வந்துவிட்டது; பாரம் சுவரை விட்டு அதன் மேல் போயிற்று. இரண்டே வருட இடைவெளி!

அப்புறம், உள்ளே படிக்கட்டு அலுமினியம். கட்டட வேலைக்கு அந்த உலோகம் அப்போது புதுசு. 1979-க்குப் பிறகு பழுதுபார்த்தபோது அதையெல்லாம் கவனமாக மீட்டார்கள்.

கீழே கடைகளும் மேலே அலுவலகங்களுமாகக் கட்டடம் இன்றும் வாடகையில்தான் ஓடுகிறது. வடக்கு முனையில் சன்னல் கண்ணாடி சுவருக்குள் ஆழமாக ஒதுங்கிக் கிடக்கும். அப்படியே தெற்கே நடந்தால், கண்ணாடி அகலமாகித் தெருவை நோக்கி முன்னே வந்துவிடுகிறது.