திங்கட்கிழமை மாலையின் நிகழ்ச்சி நிரல்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தில் ஒரு மாநகர மன்றம் மாதந்தோறும் கூடி என்னதான் செய்கிறது என்பதே இன்றைய என் உரையின் பொருள். செய்திகளில் அடிபடுவது என்னவோ கொடிகளும் கௌரவப் பட்டங்களும்தான். 2017 மே மாதத்தில் டப்ளின் நகர மண்டபத்தின் மேல் பாலஸ்தீனக் கொடியைப் பறக்கவிட மன்றம் முடிவு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், மியான்மர் தலைவர் ஆங் சான் சூச்சிக்கு முன்பு வழங்கியிருந்த நகர கௌரவத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் கௌரவத்தைப் பெற்றவர் நகரின் பொது நிலத்தில் ஆடு மேய்த்துக்கொள்ளலாம் என்பது பழைய சலுகை. 2000ஆம் ஆண்டில் அதைப் பெற்ற யூ2 இசைக்குழுவினரில் இருவர் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு உண்மையாகவே ஆட்டுக்குட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஓர் அயர்லாந்து மாமன்ற உறுப்பினரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர், இவற்றை விட்டுவிட்டு, நிகழ்ச்சி நிரலில் கேட்டாலே கொட்டாவி வரக்கூடிய பொருள்களைத்தான் படிக்க வேண்டும்.

கார்க் மாநகரத்தை எடுத்துக்கொள்வோம். லீ ஆற்றின் தென் கால்வாய்க் கரையில் நிற்கும் அதன் நகர மண்டபம், 1920 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் நகர மையத்துக்குத் தீ வைத்தபோது எரிந்துபோன பழைய மண்டபத்தின் இடத்தில், 1930களில் கட்டி எழுப்பப்பட்டது. அங்கே மாதம் ஒரு திங்கட்கிழமை மாலையில் 31 உறுப்பினர்கள் கூடுகிறார்கள். கழுத்தில் பதவிச் சங்கிலியோடு லார்ட் மேயர் தலைமை இருக்கையில் அமர்கிறார். முதலில் இரங்கல் தீர்மானங்கள்; நகரில் அண்மையில் மறைந்தவர்களின் குடும்பங்களுக்கு மன்றம் அனுதாபம் தெரிவிக்கிறது. அடுத்துப் பாராட்டுத் தீர்மானங்கள். அயர்லாந்தின் மட்டைப் பந்து விளையாட்டான ஹர்லிங்கில் வென்ற பள்ளி அணியும், ஐம்பது ஆண்டு நிறைவு கண்ட குத்துச்சண்டைக் கழகமும் இங்கே இடம்பெறுவது வழக்கம். பிறகு சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகள், உறுப்பினர்களின் கேள்விகள், குழுக்களின் அறிக்கைகள், நில ஒப்படைப்புகள், கடிதங்கள், இறுதியில் தீர்மான முன்மொழிவுகள். பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருப்பவர் இதற்குள் ஒருமுறையேனும் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்.

இந்த வரிசையில் எது வெறும் பேச்சு, எது ஆணை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதற்கு இந்த மன்றங்களின் சட்ட அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். அயர்லாந்துச் சட்டம் உள்ளாட்சி அமைப்பின் பணிகளை இரண்டாகப் பிரிக்கிறது. குறிப்பிட்ட ஒரு பட்டியலில் உள்ளவற்றை உறுப்பினர்கள் வாக்களித்து மட்டுமே செய்ய முடியும். அந்தப் பட்டியலில் இல்லாத அத்தனையும், தனியே சொல்லப்படாவிட்டாலும், தலைமைச் செயல் அலுவலருடையவை. அவர் தேர்தலில் நின்று வந்தவர் அல்லர். பொதுப் பணி நியமன அமைப்பு தேர்ந்தெடுத்து அனுப்பும் ஊழியர். ஒரு வீட்டுக்கு மாடி கட்ட அனுமதி கொடுப்பது, மன்றத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டை யாருக்கு ஒதுக்குவது, எந்த ஒப்பந்தக்காரருக்கு வேலை கொடுப்பது, எந்த ஊழியரை நியமிப்பது ஆகியவை எல்லாம் அவரது மேசைக்கே போகின்றன. வீட்டு ஒதுக்கீட்டில் யாருக்கு முன்னுரிமை என்ற விதியை மன்றம் வகுக்கலாம். இந்த வீடு இன்னாருக்கு என்று சொல்ல முடியாது. வாசல் கதவைத் தட்டி வாக்குக் கேட்டவரிடம் வீடு கேட்டு வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது அந்த உறுப்பினரின் மாதாந்திரச் சங்கடம்.

இந்த ஏற்பாடு பிறந்த ஊரும் கார்க்தான். புதிதாக விடுதலை பெற்ற அயர்லாந்து அரசு, 1924இல் டப்ளின், கார்க் ஆகிய இரு நகர மன்றங்களையும் கலைத்து ஆணையர்களை அமர்த்தியது. கார்க்கில் அமர்த்தப்பட்டவர் பிலிப் மோனஹன்; முன்பு ட்ராஹெடா நகரின் மேயராக இருந்தவர். 1929இல் கார்க் நகர மேலாண்மைச் சட்டம் வந்து மன்றம் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் மோனஹன் போகவில்லை. அதே சட்டம் அவரை நகர மேலாளர் ஆக்கியது. அமெரிக்க நகரங்களின் மாதிரியைப் பார்த்து அமைத்த இந்த முறை, அடுத்த ஆண்டு டப்ளினுக்கும், பின்னர் லிமெரிக், வாட்டர்ஃபோர்டு நகரங்களுக்கும், 1942 முதல் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. ஊழலையும் உறவினருக்குச் சலுகை காட்டுவதையும் தடுக்கும் மருந்தாகக் கொண்டுவரப்பட்ட இது, காலப்போக்கில் நோயாளியை எழுந்திருக்கவிடாத மருந்தாகிவிட்டது என்பது என் கருத்து. எனினும் 1980களிலும் 90களிலும் டப்ளின் புறநகரில் நிலப் பயன்பாட்டை மாற்றும் வாக்கெடுப்புகளுக்காகச் சில உறுப்பினர்கள் பணம் வாங்கியதை மஹோன் விசாரணை ஆணையம் 2012இல் தன் இறுதி அறிக்கையில் வெளிப்படுத்திய பிறகு, உறுப்பினர்களுக்கு மேலும் அதிகாரம் கொடுங்கள் என்று உரக்கக் கேட்க எவருக்கும் வாய் வரவில்லை. 2014ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், மேலாளரின் பெயரைத் தலைமைச் செயல் அலுவலர் என்று மாற்றியதோடு, ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்யுமாறு மன்றம் அவருக்குத் தீர்மானத்தின் மூலம் ஆணையிடும் பழைய உரிமையிலிருந்து கட்டட அனுமதிகளை விலக்கியும் விட்டது.

இனி, கொட்டாவி வரவழைக்கும் பொருள்களுக்கு வருவோம். நில ஒப்படைப்பு என்ற தலைப்பின் கீழ், தெருவின் பெயர், வீட்டு எண், சதுர மீட்டர் கணக்கில் பரப்பு, வாங்குபவர், விலை, நிபந்தனைகள் என்று ஒரு பக்க அறிக்கையும், நிலத்தைச் சிவப்புக் கோட்டால் வளைத்துக் காட்டிய வரைபடம் ஒன்றும் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு வீட்டின் பின்புறம் யாரும் நடக்காத சந்தின் ஒரு துண்டாகவோ, மின்மாற்றி நிலையத்துக்கு நீண்ட குத்தகைக்கு விடும் சின்ன இடமாகவோ இருக்கும். 2001ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 183ஆவது பிரிவின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே இந்த விவரம் ஒவ்வோர் உறுப்பினருக்கும் போய்ச் சேர வேண்டும். ‘ஒப்புக்கொள்ளப்பட்டதா?’ ‘ஒப்புக்கொள்ளப்பட்டது.’ அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த அரை நிமிடத்தில் 31 பேரும் ‘இல்லை’ என்றால், தலைமைச் செயல் அலுவலர் எவ்வளவு திறமையாக வாதாடினாலும் அந்த நிலம் கைமாறாது.

அது எவ்வளவு பெரிய ‘இல்லை’ ஆக முடியும் என்பதை டப்ளின் 2020 நவம்பரில் காட்டியது. நகரின் வடபகுதியில் ஆஸ்கர் ட்ரேனர் சாலையை ஒட்டிய மன்றத்தின் நிலத்தை ஒரு தனியார் கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுத்து, அங்கே 853 வீடுகள் கட்டும் திட்டத்தை அலுவலர்கள் ஆண்டுக்கணக்கில் பேசி முடித்து வைத்திருந்தார்கள். விற்பனைக்குப் போகும் பங்கு மிகுதி, வாடகைக்கு எட்டும் வீடுகள் குறைவு என்று சொல்லி, உறுப்பினர்கள் அதை 48க்கு 14 என்ற வாக்குகளில் தோற்கடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓடெவனி கார்டன்ஸ் நிலத்துக்கான இதே வகைத் திட்டத்துக்கு இதே மன்றம் இசைவு கொடுத்திருந்தது. ஆஸ்கர் ட்ரேனர் சாலைக்கு மாற்றியமைத்த திட்டம் 2021இல் மீண்டும் வந்து நிறைவேறியது. வீட்டுப் பஞ்சத்தில் ஒரு நகரம் ஓராண்டை இழந்தது என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்த ஓராண்டால்தான் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் மேம்பட்டன என்று சொன்னவர்களும் உண்டு. சிவப்புக் கோடு போட்ட அதே வரைபடம், அதே 183ஆவது பிரிவு. நிலத்தின் அளவு மட்டுமே வேறு.

இன்னொரு வகைப் பொருளை ‘எட்டாம் பகுதி’ என்றே அங்கே எல்லாரும் அழைக்கிறார்கள். மன்றம் தானே கட்ட விரும்பும் நூலகம், சைக்கிள் பாதை, வீட்டுத் தொகுதி ஆகியவற்றுக்குத் தன்னிடமே அனுமதி கேட்டுக்கொள்ள முடியாதல்லவா? எனவே திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துகளைப் பெற்று, அலுவலர் அறிக்கை எழுதி மன்றத்தின் முன் வைப்பார். இதில் ஒரு நுட்பம் உண்டு. குறித்த வாரங்களுக்குள் உறுப்பினர்கள் மாற்றியோ மறுத்தோ தீர்மானம் போடாவிட்டால் திட்டம் தானே நிறைவேறியதாகிவிடும். இங்கே மௌனமே சம்மதம். மன்றத்தின் சமூக வீட்டுத் திட்டங்கள் பலவற்றுக்கு 2023இல் அரசு இந்தப் படியைத் தற்காலிகமாக நீக்கியது. வீடுகள் விரைந்து எழ வேண்டும் என்பதே காரணம். அவசரத்தின் பெயரால் உறுப்பினரின் பட்டியலிலிருந்து ஒன்று கழன்றுபோகும்போது, அது திரும்பி வருவது அரிது என்பதே நான் பார்த்தவரையில் வழக்கம்.

கழன்றுபோனவை வேறும் பல. குடிநீரும் கழிவுநீரும் 2014இல் தேசிய நிறுவனம் ஒன்றுக்குப் போயின. ஓட்டுநர் உரிமமும் மாணவர் உதவித்தொகையும் அதற்கு முன்பே போய்விட்டன. டப்ளினில் வீட்டுக் குப்பை அள்ளுவது 2012இல் தனியாரிடம் போனது. காவல், பள்ளி, மருத்துவமனை ஆகியவை நகர மன்றங்களிடம் இல்லை. எஞ்சியிருப்பவை சாலை, தெருவிளக்கு, வாடகை வீடு, பூங்கா, நூலகம், தீயணைப்பு, கல்லறைத் தோட்டம், வாகன நிறுத்தக் கட்டணம், பாழடைந்த கட்டடங்களின் மீதான தீர்வை என்று நீளும்.

வரவு செலவுத் திட்டம் நவம்பர் மாதத்து வேலை. வீடுகளின் மீதான பழைய உள்ளாட்சி வரியை அரசு 1978இல் எடுத்துவிட்டதால், கடைகளும் அலுவலகங்களும் செலுத்தும் வணிக வரி, வாடகை, கட்டணங்கள், அரசு மானியம் ஆகியவற்றை நம்பியே மன்றங்கள் காலம் தள்ளுகின்றன. 2013இல் வந்த வீட்டுச் சொத்து வரியின் விகிதத்தை ஒரு வரம்புக்குள் ஏற்றி இறக்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. டப்ளின் மன்றம் பல ஆண்டுகள் தொடர்ந்து அதை முழுதாக 15 விழுக்காடு குறைத்துவிட்டு, அதே கூட்டத் தொடரில் தெருவைக் கூட்டப் பணம் இல்லை என்று புலம்பியதை நான் எப்போதும் வியப்போடுதான் பார்த்தேன். திட்டத்தை நிறைவேற்றாமல் அடம்பிடிப்பது ஆபத்து. 1969இல் டப்ளின் உறுப்பினர்கள் போதிய வரி விகிதத்தை நிர்ணயிக்க மறுத்தபோது, அமைச்சர் மன்றத்தையே கலைத்தார்.

அப்படியானால் கூட்டத்தின் கடைசியில் வரும் தீர்மான முன்மொழிவுகள் எதற்கு? இன்ன குடியிருப்பில் நடைபாதையைச் சீர்செய்ய வேண்டும், இன்ன தெருவில் வேகத்தடை போட வேண்டும், இன்ன மரத்தின் கிளையை வெட்ட வேண்டும் என்று அவை வரிசையாக வரும். பெரும்பாலானவை விவாதம் இல்லாமலே உரிய குழுவுக்கு அனுப்பப்படும். குழுவில் மூன்றில் ஒரு பங்கினராவது வணிகம், தொழிற்சங்கம், சுற்றுச்சூழல் போன்ற துறைகளின் பிரதிநிதிகள். சில மாதங்கள் கழித்துத் துறை இயக்குநரின் பதில் வரும்: ‘நிதி கிடைப்பதைப் பொறுத்து, வருங்காலப் பணித் திட்டத்தில் சேர்க்கப் பரிசீலிக்கப்படும்.’ இந்த வாக்கியத்தை ஓர் உறுப்பினர் தன் பதவிக்காலத்தில் எத்தனை முறை படிப்பார் என்று சொல்ல முடியாது. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் எழுத்தில் பதில் வாங்கிவிட்டால், அடுத்த வரவு செலவுத் திட்டத்தின்போது அதே தாளை எடுத்து நீட்ட முடியும். விடாப்பிடியான உறுப்பினர்கள் இந்தத் தாள்களாலேயே சாலை போட வைக்கிறார்கள்.

நிகழ்ச்சி நிரலில் சிறிதாகத் தோன்றியது தெருவில் பெரிதாவதும் உண்டு. 2018 மார்ச்சில் கார்க்கின் முதன்மைக் கடைவீதியான பேட்ரிக் தெருவில், பிற்பகல் 3 மணி முதல் 6.30 வரை தனியார் கார்கள் வரக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பேருந்துகள் நெரிசலில் சிக்காமல் போகட்டும் என்பதே நோக்கம். வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள்; மூன்றே வாரங்களில் விதி நிறுத்திவைக்கப்பட்டது; ஆகஸ்டில், மலிவான வாகன நிறுத்தக் கட்டணம் போன்ற சலுகைகளோடு திரும்பி வந்து நிலைத்தது. இத்தனை கூச்சலுக்கும் நடுவில் இருந்தது மூன்றரை மணி நேரம்.

இந்த மன்றங்களைத் தேர்ந்தெடுப்பதில் அயர்லாந்தில் வாழும் நம்மவர்க்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. நாடாளுமன்றத் தேர்தலைப் போல அன்றி, உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. வசிப்பவராக இருந்து, 18 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். வேட்பாளராகவும் நிற்கலாம். கேரளத்தில் பிறந்த பேபி பெரெப்பாடன் 2024 ஜூனில் தென் டப்ளின் மாவட்ட மன்றத்தின் மேயரானார்.

அதே 2024 ஜூனில், 1929இல் கார்க்கில் போட்ட முடிச்சு முதல் முறையாக ஓர் இடத்தில் அவிழ்ந்தது. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா என்று 2019 மே மாதத்தில் கார்க், வாட்டர்ஃபோர்டு, லிமெரிக் ஆகிய மூன்று இடங்களிலும் வாக்கெடுப்பு நடந்தது. கார்க் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் வேண்டாம் என்றது, வாட்டர்ஃபோர்டும் மயிரிழையில் மறுத்தது, லிமெரிக் ஒப்புக்கொண்டது. நிதித் துறையின் முன்னாள் செயலர் ஜான் மோரன் அங்கே சுயேச்சையாக நின்று வென்று, தலைமைச் செயல் அலுவலரிடம் இருந்த அதிகாரங்களில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார். மற்ற நகரங்களில் மேயர் என்பவர் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஜூனில் தமக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், சங்கிலி அணிந்த அவைத்தலைவர். லிமெரிக்கில் அவர் ஐந்தாண்டுக்கு நிர்வாகத் தலைவர். வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும், வளர்ச்சித் திட்டத்தை ஏற்பதும், சிவப்புக் கோடு போட்ட நிலத் துண்டுகளை விடுவிப்பதும் இப்போதும் அங்குள்ள 40 உறுப்பினர்களின் கையில்தான் இருக்கின்றன. முன்பு அவர்கள் ‘இல்லை’ என்று சொன்னது நியமனம் பெற்ற ஓர் ஊழியரிடம். இனி, ஊரே வாக்களித்து அனுப்பிய ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றி, வணக்கம்.