கூப்பிடு தூரத்தில் மயில் உள்ளான்

அவைத்தலைவர் அவர்களே, ஒரு பறவையைப் பற்றிக் கேட்பதற்காக மாலைப் பொழுதை ஒதுக்கி வந்திருக்கும் கடலூர் நண்பர்களே, வணக்கம்.

அரிய நீர்ப்பறவை என்றதும் நம்மில் பலர் பையைத் தூக்கிக்கொண்டு கோடியக்கரைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். போக வேண்டிய இடம்தான் அது. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிட்டு, தென்கிழக்கு ஆசியாவின் சேற்றுக் கரைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் கரண்டிமூக்கு உள்ளான், 1980களில் அங்கே பதிவாகியிருக்கிறது. இன்று அந்த இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அது எண்ணிக்கையால் அரிய பறவை. அரிதாவதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு, நாம் வயல் பக்கம் போகாத நேரமாகப் பார்த்து வெளியே வருவதுதான் அது. மயில் உள்ளான் அந்த வகையைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கா முதல் ஜப்பான் வரை பரவியிருக்கும் இந்தப் பறவையின் இனத்துக்கு உடனடி ஆபத்து எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் பல ஆண்டுகளாகப் பறவை பார்த்துவரும் அன்பர்களின் பட்டியலில்கூட இதன் பெயருக்கு எதிரே இடம் காலியாகவே இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நான் இதைத் தேடிய இடம் பாகூர். இங்கிருந்து பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்து, முள்ளோடை எல்லையைத் தாண்டி, கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் சிறிது நேரத்தில் பாகூர் ஏரிக்கரை வந்துவிடும். பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பும் தண்ணீர், பங்காரு வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகள் வெட்டிவைத்த வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், ஏரி, மதகு, வாய்க்கால், வயல், வடிகால் என்ற இந்த வரிசைதான் மயில் உள்ளானுக்கு வீடு. ஆழமான தண்ணீர் அதற்கு ஆகாது. காய்ந்த தரையும் ஆகாது. கணுக்கால் அளவு நீர், அதை ஒட்டிக் குழைந்த சேறு, இரண்டடி தள்ளி ஓடி ஒளிய ஒரு கோரைப் புதர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். ஆகவே பறவையைத் தேடுவதற்கு முன் எந்த மடை திறந்திருக்கிறது, எந்த வயலில் கசிவு நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு போவதே சரியான முறை.

இனி பறவைக்கு வருகிறேன். உடல் ஏறத்தாழ 25 செ.மீ.; மைனா அளவு என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளான் என்று அழைத்தாலும் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் விசிறிவால் உள்ளானுக்கு இது நெருங்கிய உறவல்ல. தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழிகளுக்கே அதிகம் நெருக்கம். இதன் குடும்பத்தில் உலகம் முழுவதும் மூன்றே இனங்கள் உள்ளன. பெண்ணுக்குக் கழுத்தும் மார்பும் ஆழ்ந்த செம்பழுப்பு; கண்ணைச் சுற்றிப் பின்னோக்கி நீளும் வெள்ளைப் பட்டை; மார்பின் பக்கத்திலிருந்து தோள்மேல் ஏறும் இன்னொரு வெண்பட்டை. ஆண் சற்றுச் சிறியது. மங்கிய சாம்பல் பழுப்பில் பொன்னிறப் புள்ளிகள் சிதறியிருக்கும். பறவைகளில் ஆணுக்கே அலங்காரம் என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும். வாழ்க்கை முறையும் அப்படியே. துணையைத் தேடிக் குரல் கொடுப்பது பெண். பெரும்பாலும் நான்கு முட்டைகளை இட்டுவிட்டு, அடுத்த ஆணைத் தேடி அது போய்விடும். அடைகாப்பதும், பொரித்த குஞ்சுகளைச் சேற்றோரமாக நடத்திக்கொண்டு போவதும் தகப்பன் வேலை. அடைகாக்கும் பறவை தரையோடு தரையாக நாள் முழுவதும் அமர வேண்டியிருப்பதால், மங்கிய நிறம் அதற்குக் காப்பு.

அந்தப் பெண்ணின் குரலைச் சொல்ல வேண்டும். வெறும் பாட்டிலின் வாயில் மெல்ல ஊதினால் எழும் ஒலி, ஒரே சீராக, திரும்பத் திரும்ப, அந்தி தொடங்கி இருட்டிய பின்னும் கேட்கும். பெண்ணின் மூச்சுக்குழல் ஆணுடையதைவிட நீண்டு வளைந்திருப்பதால் அந்த ஆழம் கிடைக்கிறது. பாகூரில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றி விசாரித்தேன். "ராத்திரி தண்ணி கட்டப் போனா கேக்கும் தம்பி. ஆளு கிட்ட போனா நிறுத்திக்கும். பகல்ல அதப் பாக்கணும்னா எப்படி?" என்று சிரித்தார். புத்தகங்களிலிருந்து நான் சேர்த்துவைத்திருந்த குறிப்புகளைவிட அவர் சொன்ன நேரமும் வரப்பும் எனக்கு உதவின. இரவில் தண்ணீர் கட்டுபவர்கள் அறிந்ததை நாம் இதுவரை கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை என்பது பறவை ஆர்வலர்களாகிய நமக்குப் பெருமை அல்ல.

அவர் காட்டிய இடம் ஒரு வடிகால் முனை. வரப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, கதிரவன் மறைந்து சில நிமிடங்களில், எதிரே கோரைத் தூரிலிருந்து ஆண் ஒன்று வெளியே வந்தது. வந்தது என்பதைவிட, சேற்றின் ஒரு பகுதி நகரத் தொடங்கியது என்பதே பொருத்தம். நான்கு அடி வைக்கும், நிற்கும்; நிற்கும்போது உடலின் பின்பாதி மட்டும் மேலும் கீழும் ஆடும். நுனி சற்றே வளைந்த அலகை நீரில் நுழைத்து, இடமும் வலமுமாக வீசித் துழாவும். வாய்க்கால் கரையில் ஒரு மொபெட் போன சத்தத்துக்கு அப்படியே உறைந்தது. அது எங்கே நிற்கிறது என்று தெரிந்திருந்தும் என் கண் அதை இழந்துவிட்டது. ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகுதான் இடம் புலப்பட்டது. மிரண்டு எழுந்தாலும் விசிறிவால் உள்ளானைப் போலக் கத்திக்கொண்டு வளைந்து நெளிந்து பறக்காது. சத்தமின்றி, கால்களைத் தொங்கவிட்டு, சோம்பலாகப் பறந்து அடுத்த வயலிலேயே இறங்கிவிடும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டுப் பெண்ணை வெளியே இழுத்துப் படம் எடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. துணை தேடும் காலத்தில் இல்லாத போட்டியாளருக்குப் பதில் சொல்ல வைப்பது பறவையை வீணாக அலைக்கழிப்பதாகும். கூட்டின் இடத்தைப் படத்தோடு சேர்த்துப் பரப்புவது அதைவிடத் தீது. அடையிலிருக்கும் ஆண் எழுந்து போனால் முட்டையைக் காக்க வேறு யாரும் இல்லை.

புதுச்சேரி நகருக்கு அருகிலுள்ள ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, நல்ல செயல். ஆனால் மயில் உள்ளான் வாழ்வது எவரோ ஒருவருடைய நெல் வயலின் ஓரத்தில் என்பதால், ஏரியைச் சுற்றிப் போடும் எல்லைக்கோடு அதன் பெரும்பகுதி வாழ்விடத்தைத் தொடுவதே இல்லை. பாகூர் வட்டாரத்தில் பாசனம் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மாறிவிட்டது. ஏரி மடை திறந்தால் வாய்க்கால் நெடுகக் கசிவு நிற்கும். குழாய்த் தண்ணீர் வயலுக்கு நேராகப் போய்விடுவதால் அந்த ஓரச்சேறு இல்லாமல் போகிறது. மிஞ்சிய ஈரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு புகுந்து அடைத்துக்கொள்கிறது. புதர்தானே, ஒளிய இடம்தானே என்று தோன்றலாம். ஆனால் இரை தேடத் திறந்த சேறு இல்லாத புதரால் இந்தப் பறவைக்குப் பயனில்லை. தூர்வாரும்போதும் இதே சிக்கல் வருகிறது. இரு கரையையும் செங்குத்தாக வெட்டிக் கோரையை முழுதும் அகற்றுவதற்குப் பதிலாக, ஒரு பக்கத்தைச் சரிவாக விட்டால் தண்ணீரும் ஓடும், சேறும் நிற்கும். பாசனப் பொறியாளர்கள் இந்த அரங்கில் இருந்தால், பிறகு இதைப் பற்றி அவர்களோடு விரிவாகப் பேச விரும்புகிறேன்.

இப்போது தை பிறந்துவிட்டது. சம்பா அறுவடை இயந்திரம் இறங்குவதற்காக வயல்களில் நீரை வடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நவரை நடவு ஈரம் திரும்பும் வரை பறவைகள் ஏரியின் உள்பக்கம், நீர் ஒடுங்கிச் சேறு வெளிப்படும் ஓரங்களுக்கு ஒதுங்கும். பார்க்க விரும்புவோர் மாலை ஐந்து மணிக்குள் கன்னியக்கோயில் திருப்பத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் அழைத்துச் செல்ல மாட்டேன். டார்ச் விளக்கு வேண்டாம். வெளிர்நிறச் சட்டை வேண்டாம். கணுக்காலுக்கு மேல் சேறு ஏறும் என்பதால் நல்ல செருப்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.