காலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தட்டு

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது பனிச்சறுக்குப் பலகையில் பூட்டும் பிளேட் பற்றி. பிளேடு அல்ல, பிளேட். பேசி முடிக்கும்போது இரண்டும் ஒன்றுதான் என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பனிமலையில் இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு இறங்குவது ஸ்னோபோர்டு. தொலைக்காட்சியில் தொளதொளவென்று கால்சட்டை போட்ட பிள்ளைகள் அந்தரத்தில் கரணம் அடிப்பார்களே, அதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் ஓட்டுவது அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆல்பைன் கார்விங் என்று பெயர். சுவிசுக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடத்துப் பனி முகாமில், முப்பது பிள்ளைகளில் ஒருவனாக முதலில் விழக் கற்றேன். ஓட்டக் கற்றது அப்புறம்தான்.

கார்விங் பலகை நீளமானது, ஒடுக்கமானது. என்னுடையது 175 சென்டிமீட்டர் நீளம். நடுவில் ஒரு சாண் அகலம்கூட இல்லை. அந்த ஒடுக்கத்தில் கால் நீட்டிக்கொண்டு வெளியே தெரியக்கூடாது என்பதற்காக, இரண்டு பாதமும் பலகையின் முன்நுனியைப் பார்க்கும்படி நன்றாகச் சரித்துப் பூட்டுவோம். முன்காலுக்கு 60 பாகை கோணம் வைப்பது சாதாரணம். போடுவதும் மெத்தென்ற சப்பாத்து அல்ல. காலுக்கு ஒரு பலகையாகப் பூட்டி ஓட்டும் ஸ்கிக்காரர்கள் போடுவது போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் சப்பாத்து. மாடிப்படி இறங்கும்போது பார்த்தால் நாங்கள் எல்லோரும் முழங்கால் வலிக்காரர்கள்.

சாதாரணமாகத் திரும்பும்போது பலகை பனியைச் சுரண்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும். கார்விங்கில் வழுக்கக்கூடாது. பலகையைச் சரித்து, அதன் இரும்பு விளிம்பைப் பனியில் இறக்கி, அந்த வெட்டிலேயே திரும்ப வேண்டும். காலையில், கம்பிவடத்தில் தொங்கி மலையேற்றும் முதல் லிஃப்டில் ஏறிப் போனால், இரவில் இயந்திரம் சீப்பால் வாரியதுபோல் விட்டுப்போன தடம் அப்படியே இருக்கும். அதில் இறங்கிவிட்டு, திரும்ப லிஃப்டில் ஏறும்போது கீழே பார்த்தால், ஓலையில் எழுத்தாணி கீறியது போல் மெல்லிய கோடு தெரியும். கோடு அகன்றிருந்தால் எங்கே வழுக்கினீர்கள் என்று மலையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. பலகையின் இரு பக்கமும் உள்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவை ஒரு வட்டத்தின் துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். என் பலகையில் அந்த வட்டத்தின் ஆரம் 12 மீட்டர். பலகையை 60 பாகை சரித்தால் திரும்பும் வட்டத்தின் ஆரம் பாதியாகி 6 மீட்டர் ஆகிவிடும். மலைச்சரிவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், அந்தச் சாய்வில் விழாமல் நிற்க மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அப்போது காலில் இறங்கும் பாரம் நம் எடையைப் போல் இரண்டு மடங்கு. எழுபது கிலோ ஆள் நூற்றுநாற்பது கிலோ. அத்தனையும் ஒரு விளிம்பின் மேல்.

இவ்வளவு பாரத்தில் பலகை வில்லாக வளைய வேண்டும். வளைந்தால்தான் அந்த 6 மீட்டர் வட்டம் கிடைக்கும். சிக்கலும் அங்கேதான். சப்பாத்தைப் பூட்டும் பிடிக்குப் பைண்டிங் என்று பெயர். பலகையில் நேராக முடுக்கிய பைண்டிங்கும் கெட்டிச் சப்பாத்தும் சேர்ந்து, கால் இருக்கும் இடத்தில் பலகையை வளையவிடாமல் பிடித்துக்கொள்ளும். வில் ஒரே சீராக வளையாமல் இரண்டு இடத்தில் தட்டையாக நிற்கும். அதோடு பலகை படுகிற அதிர்ச்சி எல்லாம் தப்பாமல் முழங்காலுக்கு வந்து சேரும். மத்தியானத்துக்குமேல் தடம் குண்டும் குழியுமாகிவிட்டால் தடதடவென்று பல் ஆடும்.

இந்த இடத்தில்தான் ஐசொலேஷன் பிளேட் வருகிறது. கார்பனிலோ அலுமினியத்திலோ செய்த நீளமான தட்டு. பலகைக்கு மேல் ஒரு சின்னப் பாலம் போல் நிற்கும். பைண்டிங்கைப் பலகையில் முடுக்காமல் இந்தப் பாலத்தில் முடுக்குவோம். பாலம் பலகையைத் தொடுவது இரண்டே இடத்தில், இரண்டும் கீல். ஒரு கீல் இருந்த இடத்திலேயே ஆடும். மற்றது ஒரு காடிக்குள், அதாவது நீளவாக்கில் வெட்டிய பள்ளத்துக்குள், முன்னும் பின்னும் நகரும். பலகை வளையும்போது இரண்டு கீலும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையும். அந்த மில்லிமீட்டருக்கு வழி விடுவதுதான் காடியின் வேலை. கீழே பலகை தன் இஷ்டத்துக்கு வளையும். மேலே கால் ஆடாத தரையில் நிற்கும்.

ஊரில் கட்டை வண்டியிலும் போயிருக்கிறேன், வில் வண்டியிலும் போயிருக்கிறேன். அந்த வித்தியாசம்தான் என்று நண்பர்களிடம் சொல்வேன். சரியாகச் சொன்னால் இந்தத் தட்டில் வில் எதுவும் இல்லை. மெத்தை மாதிரி அமுங்குவதும் இல்லை. காலுக்கும் பலகைக்கும் இருந்த பிடிவாதமான உறவை அறுத்துவிடுகிறது, அவ்வளவுதான். கூடவே இன்னொரு வசதி: ஆள் கொஞ்சம் உயரத்தில் நிற்பதால் நன்றாகச் சரிந்தாலும் சப்பாத்து நுனி பனியில் இடறாது, விளிம்பை அழுத்தவும் நெம்புகோல் நீளும்.

பந்தயக்காரர்களிடம் இது பரவியது 2010 வான்கூவர் ஒலிம்பிக் காலத்தை ஒட்டி. அந்த ஆண்டு ஆண்கள் பேரலல் ஜயன்ட் ஸ்லாலம், அதாவது இருவர் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் கொடிகளைச் சுற்றி இறங்கும் ஸ்னோபோர்டு பந்தயம், மழையிலும் மூடுபனியிலும் நடந்தது. இறுதியில் கனடாவின் ஜேசி-ஜே ஆண்டர்சன் முதல் ஓட்டத்தில் பின்தங்கி, இரண்டாவது ஓட்டத்தில் ஆஸ்திரியாவின் பெஞ்சமின் கார்லைத் தாண்டித் தங்கம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 34. தோற்ற கார்ல் விடவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2022 பெய்ஜிங்கில் அதே போட்டியில் தங்கம் வென்றார். நடுவில் 2018இல் செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா செய்ததை என்னவென்று சொல்வது! ஸ்கியில் சூப்பர்-ஜி என்ற வேகப் பந்தயத்தில் தங்கம், வித்தியாசம் நொடியில் நூறில் ஒரு பங்கு. ஒரு வாரத்தில் ஸ்னோபோர்டிலும் தங்கம். நான் அந்த வாரம் வேலைக்குப் போனேனா என்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

பலகையும் இதற்குள் மாறியிருந்தது. உள்ளே டைட்டனால் என்ற உலோகத் தகடு வைக்கத் தொடங்கினார்கள். பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று ஏமாற வேண்டாம், அது அலுமினியக் கலப்பு. அதிர்வை விழுங்கிவிடும். இங்கே கிளாருஸ் மாநிலத்தில் பிரவுன்வால்டு என்று கார் போகாத ஒரு மலைக் கிராமம். அங்கிருந்து வந்த கெஸ்லர் பலகைகள் பந்தயத் தடங்களில் பேர்போனவை. அந்தச் சின்ன ஊரிலிருந்து இது வந்தது என்பதில் எனக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெருமை.

சரி, என் கதைக்கு வருகிறேன். வாலே மாநிலத்தில் சினால் என்று ஓர் ஊர். உடம்பையே பனியில் படுக்கவைத்துத் திரும்புகிற பாணிக்கு அந்த ஊர் பெயர் பெற்றது. தட்டு வாங்கிய முதல் குளிர்காலத்தில் அங்கே போனேன். முதல் நாள் சாயங்காலம் பலகையைத் துடைக்காமல் அறைக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டேன். ஒட்டியிருந்த பனி உருகித் தண்ணீராகிக் காடிக்குள் இறங்கியிருக்கிறது. மறுநாள் காலை, வெளியே மைனஸ் பதினான்கு. லிஃப்டில் போகப்போக அந்தத் தண்ணீர் கல்லாகிவிட்டது. எனக்கு என்ன தெரியும்? புதுத் தடம், வெயில், கீழே ஆளே இல்லை. முதல் திருப்பம் மெதுவாக, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் நன்றாகச் சாய்ந்தேன். பலகை வளையவில்லை. உலக்கையில் நின்று திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது. விளிம்பு விட்டுப்போக, இடுப்பால் முப்பது மீட்டர் போய்த்தான் நின்றேன்.

எழுந்து உட்கார்ந்து பார்த்தால் காடிக்குள் கண்ணாடி போல் ஒரு துண்டுப் பனிக்கட்டி. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வீட்டுச் சாவியால் நோண்டி எடுத்தேன். அடுத்த திருப்பத்தில் பலகை பழையபடி வளைந்தது. குற்றம் முழுக்க என்னுடையது. தட்டுக்காரரைச் சொல்லிப் பயனில்லை. அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் இருக்கிறது. லிஃப்டை விட்டு இறங்கியதும் காடியைத் துலக்குவேன். பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

அப்படியென்றால் எல்லோரும் வாங்கலாமா என்று கேட்பார்கள். பழகத் தொடங்கிய பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். தட்டு பிழையை மூடிவிடும். பின்காலில் குந்திக்கொண்டு ஓட்டினாலும் ஏதோ திரும்பும். ஏன் திரும்பியது என்று தெரியாது. பனி காலோடு பேசுவதும் கொஞ்சம் மங்கிப்போகும், ஒரு கணம் தாமதித்துத்தான் வரும். ஒரு கிலோவுக்கு மேல் பாரம் கூடும், ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாறுவதும் அந்த அளவுக்கு மந்தமாகும். விலையும் கையைக் கடிக்கும். முதலில் காலுக்குப் பொருந்தின சப்பாத்து, அப்புறம் நல்ல பலகை, அதன் விளிம்பைத் தீட்டும் பழக்கம். விளிம்பு மழுங்கிக் கிடக்கையில் தட்டுக்குக் காசு கொடுப்பது மொட்டை அரிவாளுக்கு வெள்ளிப்பிடி போடுகிற வேலை.

கெட்டியான தடமும் வேகமும் இருந்தால் தட்டு தன் விலையைக் காட்டும். முழங்கால் தேய்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது மத்தியானத்தை மீட்டுக்கொடுத்தது. முன்பெல்லாம் பதினொரு மணிக்கே காப்பிக் கடையில் இருப்பேன். ஆனால் புதுப் பனி கொட்டினால் தட்டுக்கும் பலகைக்கும் இடையில் அடைத்துக்கொள்ளும். வருகிற சனிக்கிழமை முழங்கால் அளவு பனி விழும் என்கிறார்கள். நேற்று இரவே எட்டு திருகாணியையும் கழற்றி, மகள் பெயர் எழுதின ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். வணக்கம்.