சின்ன ரயில் விட்டுச்சென்ற வழி

(தண்டையார்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கு வந்திருப்பவர்களில் பாதிப் பேராவது சைக்கிளில் வந்திருக்கிறீர்கள் என்பதை வாசலில் சாய்த்துப் பூட்டியிருக்கும் வண்டிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும்போது, அவற்றுக்கும் ஓரத்து மணலுக்கும் இடையே கிடைக்கும் முழ அகலத்தில் வண்டி ஓட்டிப் பழகிய நமக்கு, கழுத்து எதற்காகப் படைக்கப்பட்டது என்பதில் ஐயமே கிடையாது. பின்னால் வருவதைத் திரும்பிப் பார்ப்பதற்காகத்தான். திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் ரயில் பணிமனைக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் திருப்பத்தில் ஒரு டிரெய்லரின் வால்பகுதி வளைந்து உள்ளே வந்து ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டது. அன்று உடைந்த இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. வாகனம் இல்லாத பாதை ஒன்றைப் பற்றி நான் இத்தனை ஆசையாகப் பேசுவதற்கு அந்தக் கையும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மகள் பார்சிலோனாவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், காத்தலோனியாவின் ஜிரோனா மாவட்டத்தில், எரிமலைகள் நிறைந்த கரோச்சா என்னும் உள்நாட்டுப் பகுதியிலிருந்து காஸ்டா பிராவா கடற்கரை வரை சைக்கிளில் போக ஒரு வழி இருப்பதாகச் சொன்னாள். ஒலோட் என்ற ஊரிலிருந்து ஜிரோனா நகரம் வரை 54 கிலோமீட்டர். அங்கிருந்து சான்ட் ஃபெலியூ என்ற துறைமுக ஊர் வரை 39 கிலோமீட்டர். ராயபுரத்திலிருந்து 1856-இல் வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னகத்தின் முதல் ரயில் கடந்த தூரத்துக்கு ஏறக்குறைய நிகரானது இவ்விரண்டும் சேர்ந்த தொலைவு. அந்த ஒப்பீடு எனக்குத் தற்செயலாகத் தோன்றியதன்று, ஏனெனில் அந்த வழியும் ஒரு ரயில் பாதைதான்.

அந்தச் சீமையில் அதைக் 'கரிலெட்' என்கிறார்கள். சின்ன ரயில் என்று பொருள். தண்டவாளங்களுக்கிடையே 750 மில்லிமீட்டர் அகலம். நம் கடற்கரை–தாம்பரம் பாதையில் 2004 வரை ஓடிய மீட்டர் கேஜைவிடவும் கால்பங்கு குறுகலானது. கடலோரப் பகுதி 1892-இல் திறக்கப்பட்டது. மலைப்பக்கத்துப் பாதை துண்டு துண்டாக நீண்டு 1911-இல்தான் ஒலோட்டை எட்டியது. வழியில் உள்ள காசா த லா செல்வா, யாகோஸ்தேரா போன்ற ஊர்களில் கார்க்கு மரத்தின் பட்டையை உரித்து பாட்டில் அடைப்பான் செய்யும் தொழில் பெரிதாக நடந்தது. அந்தச் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதே கடலோரப் பாதையின் முதன்மையான வேலை. பேருந்தும் லாரியும் வந்த பிறகு எல்லா ஊர்ச் சின்ன ரயில்களுக்கும் நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. 1969-இல் இரண்டு பாதைகளையும் மூடிவிட்டார்கள்.

தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கும் என்று பணிமனைக்காரனிடம் கேட்டால், ஒன்றுமில்லை என்பான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ரயில் பாதையில் விலைமதிப்புள்ளது இரும்பு அன்று, சரிவு. பல்சக்கரம் இல்லாத நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் சரிவு உள்ள ஏற்றத்தில் ஏறத் திணறும். அதற்காகவே பொறியாளர்கள் மலையைச் சுற்றி வளைத்தும், மேட்டை வெட்டியும், பள்ளத்தை நிரவியும் அந்தச் சரிவை உருவாக்கியிருந்தார்கள். சைக்கிள் மிதிக்கும் மனிதனின் காலும் ஏறத்தாழ அதே அளவில்தான் திணறத் தொடங்குகிறது. காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியும் மீனும் கட்டிய வண்டியோடு பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறவர்களைக் கேட்டால் இதை என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். எஞ்சினுக்காகச் செய்த தயவு சைக்கிளுக்கு மிச்சமாகக் கிடைத்தது என்பதே இந்த வழியின் முழு இரகசியம். ஸ்பெயின் நாட்டில் 1993 முதல் இப்படிக் கைவிடப்பட்ட ரயில் தடங்களைப் 'பசுமை வழிகள்' என்ற பெயரில் சீரமைத்து வருகிறார்கள். இன்று நாடு முழுவதும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் அவை நீள்கின்றன.

இனி, வழி.

ஒலோட் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள்ளேயே நான்கு எரிமலைகள் உள்ளன என்றால் நம்பமாட்டீர்கள். தெரு முடியும் இடத்தில் ஒரு பச்சைக் குன்று நிற்கும், மேலே ஏறினால் நடுவில் குழி இருக்கும், குழியின் விளிம்பில் ஒரு சிறு கோயில் இருக்கும். கரோச்சா முழுவதிலுமாக நாற்பது எரிமலைக் கூம்புகள் வரை எண்ணியிருக்கிறார்கள். 1982-இல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புகையும் நெருப்பும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கடைசியாகப் பொங்கிய குரோஸ்காத் எரிமலை அடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 160 மீட்டர் உயரமுள்ள அந்தக் கூம்பின் ஒரு பக்கத்தைக் கட்டுமானத்துக்கான சரளைக்காக வெட்டி எடுத்திருக்கிறார்கள். கேக்கில் ஒரு துண்டு எடுத்ததுபோல் மலை திறந்து கிடக்க, கருப்பும் துருச் சிவப்புமாக அடுக்கடுக்கான சாம்பல் படிவுகள் வெளியே தெரிகின்றன. குவாரியை மூடி, அந்த வெட்டுமுகத்தையே பார்வையிடமாக்கிவிட்டார்கள். சைக்கிள் வழி அதனருகே போவதில்லை என்பதையும், அங்கே போக வாகனங்கள் ஓடும் சாலையில் ஏற வேண்டும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நான் முதல் நாள் பேருந்தில் போய் நடந்து பார்த்துவிட்டு, மறுநாள்தான் வண்டியை எடுத்தேன்.

எரிமலையின் கைவேலையை வழியிலேயே பார்ப்பதற்கு வேறு இடம் இருக்கிறது. ஒலோட்டைவிட்டுச் சில கிலோமீட்டரில் லெஸ் பிரேசஸ் என்ற ஊர். குரோஸ்காத்திலிருந்து ஓடிவந்த குழம்பு இறுகிய நிலம் அது. மண்ணைத் தோண்டினால் கல், கல்லைத் தோண்டினால் மேலும் கல். அங்கிருந்த உழவர்கள் அந்தக் கற்களைப் பொறுக்கிப் பொறுக்கி, சாந்து வைக்காமல் அடுக்கிச் சுவராக்கி, நடுவே கிடைத்த சாண் நிலத்தில் பயிர் வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்தி ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். இடியாப்பச் சட்டியின் அடிபோல் எங்கும் துளை. பார்வைக்கு இருக்கும் எடை கைக்கு வரவில்லை. உள்ளே சிக்கியிருந்த வாயு குமிழியாக வெளியேறிய தடங்கள் அவை. இந்தத் துளைகளின் வழியே மழைநீர் இறங்கிவிடுவதால், ஓயாமல் மழை பெய்யும் நாடாக இருந்தும் அருகிலுள்ள காட்டில் ஓடையே இல்லை. "ஒலோட்டில் மழை இல்லையென்றால் எங்குமே மழை இல்லை" என்பது அவ்வூர்ப் பழமொழி. நான் போன அன்றும் பழமொழி பொய்க்கவில்லை.

அடுத்து வரும் பாஸ் பள்ளத்தாக்கு மேசைபோல் தட்டையானது. எரிமலைக் குழம்பு ஆற்றை மறித்து ஏரியாக்க, அந்த ஏரி வண்டலால் தூர்ந்து சமவெளியாயிற்று என்கிறார்கள். பிறகு வழி 600 மீட்டருக்கு மேலுள்ள கணவாய்க்கு ஏறுகிறது. ஏறுகிறோம் என்பதே மூச்சு சொன்ன பிறகுதான் தெரிகிறது. அதற்கப்பால் புருஹென்ட் ஆற்றோரமாகவும், பின்னர் தேர் ஆற்றோரமாகவும் ஜிரோனா வரை இறக்கம். கடலை நோக்கிப் போகிறவர்களுக்குத்தான் இந்தச் சலுகை. எதிர்த்திசையில் வருகிறவர்கள் முகம் கணவாயில் வேறுமாதிரி இருந்தது.

பாதையின் மேல்தளம் தார் அன்று. நன்றாக இறுக்கிய மணற்சரளை. டயர் அதன்மேல் ஓடும்போது வறுத்த அரிசியை மெல்வதுபோல் ஒரு சத்தம் தொடர்ந்து வருகிறது. பதினைந்து கிலோமீட்டர் கடந்த பிறகே, இந்தச் சத்தம் காதில் விழுவதற்குக் காரணம் வேறு சத்தம் இல்லாததுதான் என்று உறைத்தது. அந்த நேரம் வரை நான் பழக்கத்தால் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். பின்னால் வந்த மகள், "அப்பா, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டாள்.

வாகனமே கிடையாது என்று சொன்னால் அது மிகை. வயல்களுக்குப் போகும் டிராக்டர் சில இடங்களில் அதே தடத்தில் வரும். சாலைகளைக் குறுக்கே கடக்க வேண்டிய இடங்களில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஜிரோனா நகரத்துக்குள் தெருக்கள் வழியாகவே போக வேண்டியிருக்கிறது. அங்கே நான் வழி தவறி இரண்டு முறை அதே பாலத்தைக் கடந்தேன். அப்படியிருந்தும், 93 கிலோமீட்டர் தடத்தை அறுந்துபோகாமல் ஒரே நூலாகக் காத்திருக்கிறார்களே, அதுதான் அரிய செயல். ஐந்து கிலோமீட்டர் அழகான பாதை போட்டு அதன் முடிவில் நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விட்டால், அது பூங்காவே தவிர வழி ஆகாது. நம் பக்கத்திலும் ஆலைகளுக்குள் போய்க்கொண்டிருந்த சைடிங்குகள், அதாவது கிளை ரயில் தடங்கள், சிலவற்றை நான் அறிவேன். கருவேல முள்ளுக்கடியில் கட்டைகள் மக்கிக் கிடக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் அவை புதர்கள்தாம். வரைபடத்தில் கோடிட்டுச் சேர்த்துப் பார்த்தவர் எவரேனும் உண்டா என்பதே என் கேள்வி.

ஜிரோனாவுக்குத் தெற்கே எரிமலை முடிந்துவிடுகிறது. கார்க்கு மரங்களும், சிறு ஊர்களும், இன்னும் நிற்கும் பழைய நிலையக் கட்டடங்களுமாக நிலம் மெல்லக் கடலுக்கு இறங்குகிறது. இரண்டாம் நாள் மாலை நான்கு மணியளவில் காற்றில் உப்பு வந்தது. மீன்வலை காயும் வாடையும் சேர்ந்து வந்தபோது, கண்ணை மூடியிருந்தால் காசிமேடு என்றே சொல்லியிருப்பேன். ஊர் எல்லையில் சரளை முடிந்து தார் தொடங்கியது. சரக்குப் பெட்டிகள் துறைமுகம்வரை போன அந்தக் கடைசித் தூரத்தைத் தெருவிலே, கார்களோடு சேர்ந்து ஓட்ட வேண்டியிருந்தது. முதல் கார் வருவதற்கு முன்பே என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.