கன்ஹேரி: மும்பையின் காட்டுக்குள் மழையைச் சேமித்த மலை

அனைவருக்கும் வணக்கம். மும்பை போரிவலி ரயில் நிலையத்திலிருந்து சற்று நேரம் நடந்தாலே வந்துவிடக்கூடிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இப்போது நிற்கிறேன். சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காட்டின் எல்லையை ஒட்டியே அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன; ஆனால் உள்ளே சிறுத்தைகள் வாழ்கின்றன. இங்கு தலைமுறைகளாக வசிக்கும் வார்லி மக்கள் அந்தப் பெரும்பூனையை வாகோபா என்னும் தெய்வமாக வணங்குகிறார்கள். அதைக் காணும் ஆசையில் பலர் வருகிறார்கள் என்றாலும், நான் உங்களை அழைத்துச் செல்லப்போவது தண்ணீரின் பாதையில்.

வாயிலிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் உள்ளே, கன்ஹேரிக் குகைகள் இருக்கின்றன. கரிய மலை என்று பொருள்படும் கிருஷ்ணகிரி என்ற பழம்பெயரே மருவிக் கன்ஹேரி ஆயிற்று. மழையில் நனைந்த இந்த எரிமலைப் பாறையைப் பார்த்தால் அந்தப் பெயரின் காரணத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்காலம் பௌத்தத் துறவிகள் இங்கு நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்து வாழ்ந்திருக்கிறார்கள். மூன்றாம் குகையான சைத்தியத்தின், அதாவது பௌத்த வழிபாட்டுக் கூடத்தின், முகப்பில் இருபுறமும் ஓங்கி நிற்கும் புத்தர் சிலைகளையும், உள்ளே தூண் வரிசைகளுக்கு அப்பால் தெரியும் தூபியையும் வருகிறவர்கள் அனைவரும் படம் எடுக்கிறார்கள். அது நியாயமே. ஆனால் வெளியே வந்ததும் உங்கள் காலடியையும் ஒருமுறை பாருங்கள்.

இதோ, இந்தச் சிறு குகையின் வாசலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு சதுரத் திறப்பு தெரிகிறதல்லவா? அதன் கீழே பாறையைக் குடைந்து செய்த நீர்த்தொட்டி இருக்கிறது. மலைச்சரிவில் வழியும் மழைநீரைத் தடுத்துத் திருப்புவதற்காக உளியால் வெட்டிய ஓடைகள் மேலிருந்து இறங்கி வந்து இப்படிப்பட்ட தொட்டிகளில் சேர்கின்றன. நான்கு மாதம் கொட்டித் தீர்த்துவிட்டு எஞ்சிய எட்டு மாதமும் வானம் வறண்டு கிடக்கும் இந்த மேற்குக் கரையில், ஒரு மடாலயம் ஆண்டு முழுவதும் உயிரோடு இருப்பதற்கு இதைவிடத் தேவையான கட்டுமானம் எதுவும் இருந்திருக்க முடியாது. கல்யாண், சோபாரா போன்ற வணிக நகரங்களைச் சேர்ந்தவர்களின் கொடைகளைப் பதிவு செய்திருக்கும் இங்குள்ள பிராமிக் கல்வெட்டுகள் சிலவற்றில், குகையோடு சேர்த்து நீர்த்தொட்டியும் தானப் பொருளாகக் குறிப்பிடப்பட்டிருப்பது என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. சிலைக்கு இணையான அறமாக அவர்கள் தண்ணீரைக் கருதியிருக்கிறார்கள்.

இதே மழையை நம்பித்தான் பின்னாளில் பம்பாய் நகரமும் இந்த மலைகளை நாடி வந்தது. 1860-இல் விகார் ஏரியும், 1879-இல் துளசி ஏரியும் அணை கட்டி உருவாக்கப்பட்டன; இரண்டும் இன்றும் நகரத்துக்குக் குடிநீர் தருகின்றன. பெருநகரத்தின் நடுவே இவ்வளவு பெரிய காடு தப்பிப் பிழைத்ததற்கு, ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க வேண்டியிருந்ததும் ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன்.

பாதையோரத்தில் அடர்ந்திருக்கும் இந்தப் புதர்களையும் காட்டிவிடுகிறேன். இதன் பெயர் கார்வி. நம் குறிஞ்சியின் நெருங்கிய உறவு. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும், கார்வியோ 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாக மலர்ந்து, விதை தந்து, மடிந்துவிடும். இதன் தண்டுகளை நெருக்கமாகக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் பூசித்தான் வார்லி மக்கள் தங்கள் வீட்டுச் சுவர்களை எழுப்பினார்கள். 2024-இல் இந்தச் சரிவுகள் ஊதா நிறத்தில் பூத்திருந்தன. இப்போது நீங்கள் பார்ப்பவை அந்தப் பூக்களின் விதைகளிலிருந்து முளைத்து வந்த இளஞ்செடிகள். அடுத்த பூப்பு 2032-ஆம் ஆண்டின் மழைக்காலத்தையொட்டி வர வேண்டும். அப்போதும் இதே திருப்பத்தில் கேமராவோடு நிற்க விரும்புகிறேன்.

மழை மீண்டும் வலுக்கிறது. தொட்டிக்குள் நீர் விழும் ஓசை உங்களுக்குக் கேட்கிறதா? சற்று நேரம் பேசாமல் இருக்கிறேன், கேளுங்கள்.